முப்பத்திரண்டாம் நிமிடத்து நகைச்சுவை

வெள்ளிக்கிழமை, மாலை 6:14. ஷார்ஜா முவைலாவில் கௌஸ் முகைதீன் கஃபட்டீரியாவின் மாடி.

யோகநாதன் தன் துணிப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். கண்ணாடிக்கூடு விழுந்தது. சளி மாத்திரை அட்டை விழுந்தது. மகளின் பள்ளிக்கூடச் சுற்றறிக்கை விழுந்தது. நோட்டு விழவில்லை. இன்னொரு முறை உதறிப் பார்த்தார். பை தன்னிடம் இருந்ததையெல்லாம் ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தது.

"நோட்டைக் காணேல்லை," என்றார், யாரையும் பார்க்காமல்.

அந்த மாடியில் மாதம் ஒருமுறை கூடுவது வளைகுடா பிரித்தானிய நகைச்சுவை ரசனை வட்டம். வாட்ஸப்பில் நாற்பத்தொரு உறுப்பினர்கள். நாற்காலியில் ஐந்து பேர். பழைய பிரிட்டிஷ் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களில் எந்த இடத்தில் எந்தப் பாட்டு, எந்தப் புத்தகம் ஒளிந்திருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பது இவர்கள் வேலை. இப்படிப்பட்டவர்கள் நடுநடுவே சிரிப்பார்கள் என்று நினைப்பீர்கள். தலைவர் முனைவர் அம்மையப்பன் விளக்கம் முடியும் முன் சிரிப்பதை அனுமதிப்பதில்லை. விளக்கம் முடிந்த பிறகு யாருக்கும் சிரிப்பு வருவதில்லை.

அம்மையப்பன் முன்னொரு காலத்தில் லண்டனில் பதினொரு மாதம் இருந்தார். அதற்குப் பிறகு வாழ்ந்த இருபது வருடங்களை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. முனைவர் பட்டம் உண்மையானதுதான். கோழித் தீவனத்தில் வாங்கியது.

யோகநாதன் யாழ்ப்பாணத்துக்காரர், டயர் கிடங்கு ஒன்றில் கிளார்க். கிடங்கை இம்மாதக் கடைசியில் மூடுகிறார்கள். முப்பத்தொன்றாம் தேதியோடு விசாவும் முடிகிறது. மகள் லக்சிகாவுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு பிப்ரவரியில். அதாவது தேர்வுக்கு இரண்டு வாரம் முன்னால் பெட்டி கட்ட வேண்டும். இதற்கு நடுவில் வாராது வந்தது ஒரு வேலை. துபாயில் ஒரு சப்டைட்டில் நிறுவனம் பழைய பிரிட்டிஷ் தொடர்களுக்குத் தமிழ் வரி போடப் போகிறது. ஜோக்குக்குப் பின்னால் இருக்கும் மெட்டையும் நூலையும் அடையாளம் காட்ட ஒரு ஆள் தேவை. மாதிரியோடு திங்கள் காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அந்த மாதிரிதான் இப்போது பையில் இல்லாதது.

போலீசுக்குப் போகலாம் என்றார் கௌஸ். பதிவு செய்யாத சங்கம், அனுமதி இல்லாத கூட்டம், அதில் காணாமல் போன ஒரு நோட்டு என்று எந்த வாயால் சொல்வது என்று அவரே கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாடிப்படியில் 'கேமரா கண்காணிப்பில் உள்ளது' என்ற பலகை இருந்தது. கேமரா கீழே கல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆகவே எல்லோரும் ஹஃபீஸாவைப் பார்த்தார்கள். ஹஃபீஸா காயல்பட்டினத்துக்காரர். வாகனக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில், வருகிற க்ளெய்ம் எதையும் நம்பாமல் இருப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவர். நின்றிருந்த லாரி தன் காரை வந்து இடித்ததாக எழுதிக் கொடுப்பவர்களோடு வாரத்தில் ஐந்து நாள் பேசிவிட்டு, சிரிக்கலாம் என்று இங்கே வருவார். இதுவரை அது நடக்கவில்லை.

"கடைசியா எப்ப பாத்தீங்க யோகண்ணே?"

"பாங்கு சொல்லேக்க பைக்குள்ளதான் கிடந்தது."

"வேற காப்பி?"

"இல்லை."

"போட்டோ?"

"இருநூத்திப் பன்னிரண்டு பக்கம் பிள்ளை. நாளைக்கு எடுப்பம், நாளைக்கு எடுப்பம் எண்டு பதினெட்டு வருசமா இருந்திட்டன்."

ஹஃபீஸா மூச்சை இழுத்து விட்டார். அலுவலகத்தில் தினமும் நாலு தடவை விடுகிற மூச்சு.

மாலை 5:50க்குத் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டதும் கூட்டம் நின்றது. அம்மையப்பனைப் பாதி வாக்கியத்தில் நிறுத்தக்கூடியது அது ஒன்றுதான். கௌஸ் பள்ளிவாசலுக்குப் போனார். ஹஃபீஸா கீழே குடும்ப அறையில் தொழுதார். யோகநாதன் பையை மேலேயே விட்டுவிட்டு மகளுக்கு போன் பண்ணத் தெருவுக்கு இறங்கினார். அம்மையப்பன் காரில் ஏதோ எடுக்கப் போனதாகச் சொன்னார். ஐந்தாவது ஆள் சுரேஷ்குமார், கத்தாரில் ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் என்ஜினியர், லீவில் வந்தவர், பால்கனியில் சிகரெட் பிடித்ததாகச் சொன்னார். இரண்டுக்கும் சாட்சி இல்லை.

நோட்டு எப்படி உருவானது என்று ஹஃபீஸா கேட்டார். யோகநாதனின் முகம் அந்த நிலையிலும் கொஞ்சம் வெளிச்சமானது.

"தம்மாமில ஸ்டோர் கீப்பரா இருந்த காலம். கடலுக்கு அங்கால பக்கத்து வளைகுடா நாட்டில இருந்து ஒரு இங்கிலீஸ் சேனல் இழுக்கும். பின்னேரம் அஞ்சு மணிக்கு நாடகம். எனக்கு அப்ப டூட்டி. ரெக்கார்டரில டைமர் வைச்சிட்டுப் போவன். பிறகு வந்து போட்டுப் பார்த்து, மெசினில ஓடுற கணக்கைப் பார்த்து நிமிசம் குறிப்பன். விளங்காத பாட்டு, புத்தகம் எல்லாத்தையும் வருசக் கணக்கில தேடி எழுதினன். கசெட்டெல்லாம் பூஞ்சணம் பிடிச்சுப் போச்சு. நோட்டிலயும் நிமிசம் கொஞ்சம் கழிக்க இருக்குது. திங்களுக்கு முன்னம்..."

என்ன கழிக்க வேண்டும் என்று ஹஃபீஸா கேட்க வாயெடுப்பதற்குள் தலைவர் எழுந்துவிட்டார். அறிவுச் செல்வம் களவு போவது நாகரிகத்தின் வீழ்ச்சி என்றார். லண்டனில் இப்படி நடக்காது என்றார். யூட்யூபில் பிறர் உழைப்பை வைத்துப் பிழைப்பவர்கள் நம்மிடையே உண்டு என்று சொல்லிவிட்டுச் சுரேஷ்குமாரின் தோள்பையைப் பார்த்தார். சுரேஷ்குமார் இதே தொடர்களைப் பற்றி ஒரு சேனல் நடத்துகிறார். ஞாயிறு மூன்று மணிக்கு அவருக்கு தோஹா விமானம். சந்தேகத்துக்கு இவ்வளவு தோதான ஆள் கிடைப்பது அபூர்வம்.

சுரேஷ்குமார் பையை மேசைமேல் கொட்டினார். "நல்லா பாத்துக்குங்க சார். பனியன், பேரீச்சம்பழம், பருப்புப் பொடி. அடிக்குறிப்பு மட்டும் இல்ல."

சனிக்கிழமை முழுக்க ஒன்றும் கிடைக்கவில்லை. கௌஸ் சமையல்கட்டில் பொட்டலம் மடிக்கும் காகிதத்தையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். பழைய காகிதத்தில் பரோட்டா மடிப்பதை எதிர்த்துத் தலைவர் குழுவில் நீண்ட ஆடியோ ஒன்று அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 7:12. குழுவில் ஒரு கோப்பு வந்து விழுந்தது. 'எனது லண்டன் பட்டியல்: முதல் தவணை.' வட்டத்தின் மானம் காக்க, இருபது வருடமாக யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த தன் சொந்த ஆராய்ச்சியைத் துபாய் நிறுவனத்துக்கு அனுப்பப் போவதாகத் தலைவர் அறிவித்திருந்தார். 'கௌரவ ஆலோசகர்' என்ற பட்டம் மட்டும் போதுமாம். வட்டத்தினர் 'ஒழுகும் நூலகம்' என்று செல்லமாக அழைக்கும் தொடரின் ஆறு பகுதிகள் அதில் இருந்தன. ஏதோ ஒரு மழை ஊர், அதில் கூரை ஒழுகும் ஒரு நகராட்சி நூலகம், அங்கே நடக்கும் கூத்து.

ஹஃபீஸா தோசைக் கல் காய்ந்துகொண்டிருக்கக் கோப்பைப் படித்தார். ஐந்தாம் பகுதி வந்ததும் அடுப்பை அணைத்தார். யோகநாதனுக்கு போன் போட்டு, வெள்ளிக்கிழமை கேட்கவிடாமல் போன அந்த ஒரே கேள்வியைக் கேட்டார். பதில் ஒரே வாக்கியம். பிறகு தலைவருக்கு போன் போட்டு, லண்டனில் வாங்கிய அந்தப் புகழ்பெற்ற டிவிடி பெட்டியோடு வரச் சொன்னார். பாராட்டுக் கூட்டம் என்று நினைத்து அவர் கோட் போட்டுக்கொண்டு வந்தார்.

காலை 11:00. அதே மாடி, அதே ஐந்து பேர்.

யோகநாதன் கோப்பைப் பிரிண்ட் எடுத்து வந்திருந்தார். "எல்லாம் நான் எழுதினது பிள்ளை. தமிழை மட்டும் கடினமாக்கியிருக்கிறார்."

அம்மையப்பன் புன்னகைத்தார். "அம்மணி, ஒரே நிலவை இருவர் காணலாம். தொடர் பொதுச்சொத்து. அதில் வரும் மெட்டும் நூலும் யார் பார்த்தாலும் அவையேதான். நான் லண்டனில் குறுந்தட்டில் கண்டேன். இவர் தம்மாமில் கண்டார். பட்டியல் ஒத்துப்போவது இருவர் புலமைக்கும் சான்று."

பதில் சொல்ல முடியாத வாதம். சுரேஷ்குமார்கூடத் தலையைச் சொறிந்தார்.

"சரி சார்," என்றார் ஹஃபீஸா. "பெட்டியக் குடுங்க."

பெட்டியைச் சுற்றிக் கடையில் ஒட்டிய பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. விலைச் சீட்டும் இருந்தது. ஹஃபீஸா அவரைப் பார்த்தார்.

"இது இரண்டாவது செட். ஆய்வுக்கு உட்படுத்திய செட் லண்டனில் இருக்கிறது."

ஹஃபீஸா நகத்தால் உறையைக் கிழித்தார். அட்டையின் பின்பக்கத்தை உரக்கப் படித்தார். ஆறு பகுதிகள், ஒவ்வொன்றும் இருபத்தொன்பது நிமிடம்.

"உங்க பட்டியல்ல அஞ்சாம் பகுதி கடைசி வரியப் படிங்க சார்."

அவர் குரலைச் சரி செய்துகொண்டார். "முப்பத்திரண்டாம் நிமிடம். மேயர் நூலகத்துள் நுழைகையில் ட்ரம்போன் கலைஞர் இறுதி ஊர்வல மெட்டை இசைத்து..."

"நாடகமே இருபத்தொம்பது நிமிசந்தான்."



"லண்டனில் நீண்ட பதிப்பு உண்டு," என்றார் அம்மையப்பன். "உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை."

இதற்காகத்தான் ஹஃபீஸா காத்திருந்தார். கௌஸின் டிவியில் டிவிடியைப் போட்டு ஒவ்வொரு பகுதியாக ஓட்டி நிறுத்தினார். முதல் பகுதியில், முதல் நிமிடத்து ஜோக் பட்டியலில் சரியாக இருந்தது. அதற்குப் பிறகு வந்த எல்லாம் நான்கு நிமிடம் தள்ளி இருந்தன. மூன்றாம் பகுதியில், ஆடுகிற மேசைக்குத் தடித்த ரஷ்ய நாவலை முட்டுக் கொடுக்கும் ஒன்பதாம் நிமிடம் சரி. தேவாலயப் பாட்டைத் தப்பாகப் பாடும் இருபத்தொன்றாம் நிமிடம் பட்டியலில் இருபத்தைந்து. ஐந்தாம் பகுதியில் கடைசி ஜோக் மட்டும் தள்ளியிருந்தது. டிவியில் இருபத்தெட்டு, பட்டியலில் முப்பத்திரண்டு. ஆறாம் பகுதியில் எல்லாமே மிகச் சரி.

"உங்க நீண்ட பதிப்பு எல்லாப் பகுதியிலயும் அதே நாலு நிமிசந்தான் நீளுது சார். ஆனா நீளுற இடம் வாராவாரம் அஞ்சு நிமிசம் தள்ளித் தள்ளிப் போகுது. ஆறாவது வாரம் நாடகத்த விட்டே வெளிய போயிருச்சு. லண்டன்ல எந்தக் கம்பெனி இப்படி நீட்டும்?"

அம்மையப்பன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். 

"யோகண்ணே, காலைல எங்கிட்ட சொன்னதச் சொல்லுங்க. நோட்டுல என்ன கழிக்கணும்?"

"பாங்கு," என்றார் யோகநாதன். "பொழுது படேக்க சொல்லுற மக்ரிப் பாங்கு வந்தா அந்தச் சேனலில நாடகத்தை அப்பிடியே நிப்பாட்டிப் பாங்கு போடுவினம். முடிஞ்சதும் விட்ட இடத்தில இருந்து தொடங்குவினம். நாலு நிமிசம். நான் டூட்டியில. மெசின் அதையும் சேர்த்துப் பதிஞ்சுபோடும். ஒளிபரப்பானது தை மாதம். பொழுது வாரத்துக்கு அஞ்சாறு நிமிசம் பிந்திப் பிந்திப் படும். அதால ஒவ்வொரு கிழமையும் பாங்கு நாடகத்தில வேற இடத்தில வந்து விழும். கடைசிக் கிழமை நாடகம் முடிஞ்ச பிறகுதான் பாங்கு."

கௌஸ் முகைதீன் மெதுவாக, "அல்லாஹ்," என்றார்.

ஹஃபீஸா பிரிண்ட்டை மடித்துத் தலைவரின் கையில் வைத்தார். "ஜோக்கு பொதுச்சொத்து சார், ஒத்துக்குறேன். தம்மாம்ல சூரியன் மறஞ்ச நேரம் உங்க லண்டன் டிவிடில எப்படி வந்துச்சு? நீங்க நாடகத்தையே பாக்கல. நோட்டப் பாத்து எழுதுனீங்க. வெள்ளிக்கிழமை நாங்க தொழப் போன நேரத்துல எடுத்த நோட்ட. அப்புறம் சுரேஷ் தம்பிய வேற திருடன்னீங்க. நோட்டு இப்ப எங்க?"

11:47. நோட்டு அவர் கார் டிக்கியில் இருந்தது. பதினான்கு பாராட்டு விழாக்களில் அவருக்குப் போர்த்திய பொன்னாடைகள் அங்கே மடித்து அடுக்கியிருந்தன. மேலிருந்து மூன்றாவதில் சுற்றி வைத்திருந்தார். சுரேஷ்குமார் அதைப் பிரித்து யோகநாதனிடம் நீட்டினார். யோகநாதன் அங்கேயே வெயிலில் நின்று பக்கங்களை எண்ணத் தொடங்கினார்.

"இருபது வருடமாக லண்டன், லண்டன் என்று சொல்லிக்கொண்டே இருந்துவிட்டேன்," என்றார் அம்மையப்பன், செந்தமிழ் கொஞ்சம் உதிர்ந்த குரலில். "காட்ட ஒன்றும் இல்லை. அங்கே இருந்த பதினொரு மாதமும் ஒரு ஜோக்கும் எனக்குப் புரியவில்லை."

அது அவர் அந்த வட்டத்தில் சொன்ன முதல் சுவையான செய்தி. ஹஃபீஸாவுக்கு இரக்கம் வந்திருக்கும். ஆனால் அவருக்குப் பசித்தது. காலைத் தோசையும் இல்லை, ஞாயிற்றுக்கிழமையும் போயிற்று. துபாய் நிறுவனத்தின் விண்ணப்பத்தோடு ஏதாவது ஒரு அமைப்பின் தலைவரிடமிருந்து சிபாரிசுக் கடிதம் வேண்டும் என்று போட்டிருந்தது. ஹஃபீஸா சொல்லச் சொல்ல, கார் பானட்டின் மேல் வைத்து அம்மையப்பன் எழுதினார். பட்டியல் முழுக்க யோகநாதனின் உழைப்பு, அதை நானே நேரில் அறிவேன் என்ற வரியில் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு எழுதியது.

கையெழுத்துப் போடும் முன் நிமிர்ந்தார். "பெயருக்கு முன்னால் 'முனைவர்' போட்டுக்கொள்ளலாமா?"

"போடுங்க சார்," என்றார் ஹஃபீஸா. "சீக்கிரம் போடுங்க."

ஜனவரி 31, மாலை 5:40. கொழும்பு விமானத்தில் இருந்திருக்க வேண்டிய யோகநாதன், துபாயில் ஒரு கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். லக்சிகா வீட்டில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தாள், அல்லது படிப்பதாக போனில் சொன்னாள். திரையில் மேயர் நூலகக் கதவைத் தள்ளினார், ட்ரம்போன் தொடங்கியது. யோகநாதன் தட்டச்சு செய்தார்: 'சாவு வீட்டு மெட்டு. மேயருக்கு மட்டும் தெரியாது.'

6:08. கண்ணாடிக்கு வெளியே எங்கிருந்தோ பாங்கு கேட்டது.

அவர் நாடகத்தை நிறுத்தினார். நான்கு நிமிடம் காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.