ஏழரைக்கட்டை ஆன்லைனில் இருக்கிறார்!

போன் அலறியது.

ஏட்டு எடுத்தார். ஒரு நிமிடம் கேட்டார். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஐயா... ஒரு பொம்பள. கொலை நடந்துடுச்சுன்னு சொல்லுது."

"செத்தது யாரு?"

"பேரு தெரியாதாம்."

"எங்க?"

"அதுவும் தெரியாதாம்."

"பொணத்தைப் பார்த்துச்சா?"

"அந்த ஆளு உயிரோட இருந்தப்பவே பார்த்ததில்லையாம்யா!"

இன்ஸ்பெக்டருக்கு அன்று வயிறு சரியில்லை. புதன்கிழமை மத்தியானம், மணி இரண்டேகால். சாப்பிட்டது நெஞ்சுக்குழியிலேயே நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்றது. இந்த லட்சணத்தில் இது வேறு!

"குடுய்யா இங்க!"

பிடுங்கினார்.

"யாரும்மா நீங்க?"

"பல் செட் செய்ற லேப்ல வேலை பாக்குறேன் சார். தயவுசெஞ்சு வெச்சுடாதீங்க. ரெண்டு ஸ்டேஷன்ல ஏற்கனவே வெச்சுட்டாங்க."

குரலில் அவசரம். ஆனால் பைத்தியக் குரல் இல்லை. இன்ஸ்பெக்டர் பதினெட்டு வருஷமாகக் குரல் கேட்டே பிழைப்பு நடத்துகிறவர்.

"சரி, சொல்லுங்க. செத்தவர் யாரு?"

"ஏழரைக்கட்டை."

"என்னது?"

"அது கேம்ல அவர் வெச்சுக்கிட்ட பேரு சார். 'ஸ்வரதேசம்'னு ஒரு கேம். நம்ம சங்கீதத்தை வெச்சு செஞ்சது. ஆளுக்கு ஒரு வேஷம் எடுத்துக்கணும். ஏழு கோட்டை. ஒவ்வொரு கோட்டைக்கும் ஒரு ராகம். உள்ள அபஸ்வரம்னு ஒரு பூதம் இருக்கும். அந்த ராகத்தோட ஸ்வரத்தை வரிசை மாறாம தட்டினா பூதம் சாகும். தப்பாத் தட்டினா நாம சாவோம்."

"எனக்கெல்லாம் தட்டவே வேண்டாம். பாட்டைக் கேட்டாலே பாதி உசுரு போயிடும். மேல சொல்லுங்க."

"ரெண்டு பேரும் ஜோடியா விளையாடுவோம் சார். ரெண்டு வருஷமா. தினமும் ஒரு மணியிலேருந்து ரெண்டு மணி வரைக்கும். எனக்கு லஞ்ச் டைம்."

அவளைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன், வாசகரே! அவள் சொல்ல மாட்டாள்.

வயது நாற்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டுத் தொந்தரவு செய்யக்கூட இப்போது யாரும் மிச்சமில்லை. லேபின் பின்னறையில் தனியாக உட்கார்ந்து பல் செட் செய்கிறாள். மேஜை முழுக்கப் பற்கள். நாள் முழுக்க முப்பது நாற்பது வாய் அவளைப் பார்த்து இளிக்கும். ஒரு வாயும் பேசாது. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அங்கே இளிக்கவும் ஆளில்லை. அந்த ஒரு மணி நேரம்தான் அவளுக்கு ஒரு நாள் என்பதே.

"சரிம்மா. அவரைக் கொன்னுட்டாங்கன்னு எப்படிச் சொல்றீங்க? கேமுக்கு வர்றதில்லையா?"

"வர்றாரு சார்! இன்னைக்குக்கூட வந்தாரு! இப்பவும் ஆன்லைன்ல இருக்காரு!"

"யம்மா தாயே..."

"ஆனா அது அவர் இல்ல சார்!"

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கோட்டைக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு தம்புரா வரும். தந்தியை முறுக்குற நாலு பிரடையையும் விரலால திருகித் திருகி சுருதி சேர்க்கணும். மூணு நிமிஷம் ஆகும். வேண்டாம்னா 'தவிர்'னு ஒரு பட்டன். எல்லாரும் அதைத்தான் அமுக்குவாங்க. நானும்தான். அவர் மட்டும் ரெண்டு வருஷத்துல ஒரு நாள்கூட தவிர்த்ததில்ல சார்."

"அந்த மூணு நிமிஷம் நீங்க என்ன பண்ணுவீங்க?"

"காத்துக்கிட்டு இருப்பேன். முதல்ல எரிச்சலா இருந்துச்சு. அப்புறம் பிடிச்சுப் போச்சு. முடிச்சதும் 'சேர்ந்தாச்சு. சாப்பிட்டாச்சா?'ன்னு எழுதுவாரு. நானும் 'நீங்க சாப்பிட்டீங்களா?'ன்னு கேப்பேன். என்னை அப்படிக் கேக்குற ஒரே ஆளு அவருதான் சார்."

கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"சனிக்கிழமை பாதி விளையாட்டுல 'பின்னாடி யாரோ'ன்னு எழுதினாரு. அவ்வளவுதான். அப்படியே நின்னுட்டாரு. பூதம் வந்து அடிக்குது... அசையல. பதினோரு நிமிஷம் நான் ஒண்டியா நின்னு அவரைக் காப்பாத்தினேன். அப்புறம் லைன் போயிடுச்சு. ஞாயித்துக்கிழமை ஆளே வரல. திங்கக்கிழமை வந்தாரு. தம்புரா வந்தது... டக்குன்னு 'தவிர்'! நேத்தும் அப்படித்தான். இன்னைக்கும்!"

"அவ்வளவுதானா?"

"ரெண்டு மணி ஆச்சு, கிளம்புறேன்னு எழுதினா... 'போகாதே'ன்னு வருது. நாலு தடவை! அவர் என்னை 'வாங்க போங்க'ன்னுதான் பேசுவாரு சார். ஒருமையில ஒரு வார்த்தை பேசினதில்ல."

ஏட்டு இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

"ஜீப்பை எடுய்யா."

----------

கேம் கம்பெனிக்குப் போன் போட்டதும் பத்து நிமிடத்தில் விவரம் வந்தது.

"ஏழரைக்கட்டையா? அது ஸ்பெஷல் அக்கவுன்ட் சார்! எங்க கேமுக்கு வயலின் வாசிச்சுக் குடுத்த வித்வானுக்கு மரியாதைக்காக நாங்களே டேப்லெட்டோட குடுத்தது. பெரியவர். தனியா இருக்காரு. விலாசம் எழுதிக்கோங்க..."

தனியாக இருக்கிறார்!



நான்கு மணிக்கு அந்த வீட்டு வாசலில் ஜீப் நின்றது. அமைதியான தெரு. துருப்பிடித்த கேட். தபால் பெட்டியின் வாய் கொள்ளாமல் விளம்பரக் காகிதங்கள். தன் பேருக்கென்று ஒரு கடிதம்கூட வராத வீட்டின் தபால் பெட்டி அப்படித்தான் இருக்கும்.

"ஏட்டு... நீ பின்பக்கமாப் போய்ப் பாரு. நான் முன்பக்கம்."

காலிங் பெல்லை அழுத்தினார். உள்ளே என்ன கிடக்கப் போகிறதோ என்று மூக்கைப் பொத்தக் கர்ச்சீப்பையும் எடுத்து வைத்துக்கொண்டார்.

கதவு திறந்தது.

பிணமே வந்து திறந்தது!

எழுபது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. இடது கை விரல்களில் தந்தி அழுத்தி அழுத்திக் காய்த்த தழும்பு. சுவரில் மாட்டியிருந்த போட்டோக்களில் எல்லாம் அதே முகம்தான் வயலினோடு சிரித்தது.

"பேட்டிக்கா?" பெரியவர் காக்கியைக்கூடக் கவனிக்காமல் ஆவலாகக் கேட்டார். "போட்டோ எடுக்கிறவர் எங்க?"

"போலீஸ்ங்கய்யா."

"ஓ..." முகம் விழுந்துவிட்டது. "பரவாயில்ல, வாங்க. யாரும் வர்றதில்ல. நாற்காலியில தூசி இருக்கும், தட்டிட்டு உட்காருங்க."

இன்ஸ்பெக்டர் தட்டிவிட்டு உட்கார்ந்தார். புழுக்கம் பிடுங்கித் தின்றது. ஹால் ஃபேன் ஓடவில்லை. பெரியவர் கையில் ஒரு டேப்லெட். அதன் திரையில் ஒரு கோட்டை வாசல்.

"ஏழரைக்கட்டைங்கிறது நீங்கதானா?"

அரை நொடி... அரையே நொடி தாமதம்!

"நான்தான்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா. தினமும் ஒரு மணிக்கு. ஒரு பொண்ணு வரும். நல்ல பொண்ணு. சாப்பிட்டீங்களான்னு கேக்கும்."

இன்ஸ்பெக்டருக்கு ஒரே நேரத்தில் நிம்மதியும் வெட்கமும். இதற்காகவா இருபத்தெட்டு கிலோமீட்டர் டீசல்! போனை எடுத்து லேபுக்குப் போட்டார்.

"யம்மா... உங்க ஆளு குத்துக்கல்லாட்டம் என் எதிர்ல உட்கார்ந்திருக்காரு! பெரிய வித்வான்! போய் நிம்மதியாப் பல்லைச் செய்யுங்க!"

அந்தப் பக்கம் ஒரு விசும்பல்.

"நிஜமாவா சார்? நல்லா இருக்காரா? அது போதும் சார். அது போதும்... ஒண்ணே ஒண்ணு. சுருதி சேர்க்கிறதை ஏன் விட்டுட்டாருன்னு மட்டும் கேட்டுச் சொல்றீங்களா? என் மேல ஏதாவது கோவமான்னு..."

"லைன்லயே இருங்க." இன்ஸ்பெக்டர் திரும்பினார். "ஐயா, அந்தம்மா ஒரு சின்னச் சந்தேகம் கேக்குறாங்க. மூணு நாளா நீங்க ஏன் தம்புராவை சுருதி சேர்க்கிறதில்ல?"

பெரியவர் நிமிர்ந்தார். கண்களில் சுருக்கென்று ஒரு கோபம். அறுபது வருஷத்து வித்தை கோபப்பட்டால் எப்படி இருக்கும், அப்படி!

"யாரைப் பார்த்து என்ன கேக்குறீங்க? அந்தத் தம்புராவை ரெக்கார்டிங்குக்கு சுருதி சேர்த்தவனே நான்! சுத்தமா சேர்ந்து இருக்கு! அந்தப் பிரடையை எப்படித் திருகினாலும் சத்தம் ஒரு இழை மாறாது. சும்மா பொம்மை! காது இருக்கிறவனுக்கு முதல் நாளே தெரிஞ்சுடும். காது இல்லாத ஞானசூனியம்தான் அதைப் போய் முறுக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கும்!"



இன்ஸ்பெக்டர் மெதுவாக எழுந்தார்.

"ரொம்பச் சரிங்கய்யா. எனக்கும் அந்த ஞானசூனியம்தான் வேணும்."

"எ... என்ன?"

"ரெண்டு வருஷமா தினம் மூணு நிமிஷம் இந்த வீட்ல உட்கார்ந்து அதை முறுக்கினது யாரு?"

பெருமையில் வாயை விட்டுவிட்டோம் என்பது அப்போதுதான் பெரியவருக்கே உறைத்தது.

பின்பக்கத்திலிருந்து ஏட்டு ஓடி வந்தார். இப்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஐயா! பின்னாடி ஒரு ரூம். சத்தம் வெளிய வராத மாதிரி கட்டினது. கதவுல புத்தம்புதுப் பூட்டு. உள்ள ஏசி ஓடிக்கிட்டே இருக்கு. அந்தத் தண்ணி சொட்டிச் சொட்டி பக்கெட் நிறைஞ்சு வழியுது. ஜன்னல் வழியா கால் தெரியுதுய்யா... பெரிய கால்!"

இன்ஸ்பெக்டர் பெரியவரின் கால்களைப் பார்த்தார். குழந்தைக் கால் மாதிரி சிறிசு.

"சாவி."

பெரியவர் இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கை மட்டும் நடுங்கவில்லை. வயலின் பிடித்த கை!

----------

ஐம்பது வயது ஆள். வாட்டசாட்டமான உடம்பு. விரிப்பில் குப்புறக் கிடந்தான். பக்கத்தில் பாட்டு நோட்ஸ் வைக்கிற இரும்பு ஸ்டாண்டு, அதன் முனையில் காய்ந்த ரத்தம். அறை பனிக்கட்டியாகச் சில்லிட்டிருந்தது.

"யாருய்யா இது?"

"வீட்டு வேலைக்கு இருந்தான். சமையல், துணி துவைக்கிறது, என்னைக் குளிப்பாட்டி விடுறது... எல்லாம். மூணு வருஷமா."

"பேரு?"

பெரியவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"'டேய்'னு கூப்பிட்டா வருவான்."

ஏட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"டேப்லெட்டை நான் மூலையில தூக்கிப் போட்டிருந்தேன். அவன் எடுத்து விளையாடியிருக்கான். எனக்குத் தெரியாது. சனிக்கிழமை இந்த ரூமுக்கு வந்தேன். சத்தம் போடாம பின்னால நின்னு படிச்சேன். எனக்குக் குடுத்த அக்கவுன்ட். உள்ள கேக்குறது என் வயலின். அதுல ஒரு பொண்ணு அவனைப் பார்த்து 'நீங்க சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டிருக்கு. அவனை!"

மூச்சு வாங்கினார்.

"என் மக போன் பண்ணி ஏழு மாசம் ஆச்சு. சிஷ்யன் ஒருத்தன் எட்டிப் பார்க்கிறதில்ல. நாலாயிரம் பேர் எழுந்து நின்னு கைதட்டின ஆளு சார் நான்! அத்தனை பேர்ல ஒருத்தர், ஒரே ஒருத்தர் என்னைப் பார்த்து 'சாப்பிட்டியா'ன்னு கேட்டதில்ல. சுருதின்னா என்னன்னு தெரியாத பயலுக்கு அது கிடைக்குது! அது எனக்கு வேணும்னு தோணிச்சு. வேற ஒண்ணும் தோணல."

இன்ஸ்பெக்டர் அவரையே பார்த்தார்.

"ஒருத்தருமே கேட்டதில்லையா?"

"இல்ல."

"சமைச்சுப் போட்டானே, இவன்? இவன்கூடவா கேக்கல?"



"அவன் மூணு வேளையும் கேப்பான்..." என்றார். "வேலைக்காரன் கேக்குறதெல்லாம் ஒரு கணக்கா?"

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சார்..."

இன்ஸ்பெக்டர் திடுக்கிட்டார். கையிலிருந்த போன்! லைனை அவர் துண்டிக்கவே இல்லை.

"கேட்டுட்டீங்களாம்மா?"

"கேட்டேன் சார்." அவள் அழவில்லை. அதுதான் இன்ஸ்பெக்டருக்குப் பொறுக்கவில்லை. "அவரை வாங்கிக்க யாராவது வருவாங்களா சார்?"

"விசாரிக்கணும்மா. ஒருத்தரும் இல்லன்னுதான் தோணுது. ஆளைக் காணோம்னு நாலு நாளா யாரும் தேடலையே."

"நான் தேடினேனே சார்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

"நான் வர்றேன். லீவு சொல்லிட்டு இப்பவே கிளம்புறேன். நான் வந்து வாங்கிக்கிறேன்."

"ஃபாரத்துல உறவுமுறைன்னு ஒரு கட்டம் இருக்கும்மா. என்னன்னு எழுதட்டும்?"



"கூட விளையாடினவங்கன்னு எழுதிக்கோங்க சார்."

எழுதலாமா, சட்டத்தில் இடம் இருக்கிறதா என்றெல்லாம் இன்ஸ்பெக்டர் பார்க்கவில்லை. அப்படியே எழுதச் சொன்னார்.

----------

ஜீப் கிளம்பியது. பின் சீட்டில் வித்வான், பக்கத்தில் ஏட்டு. தெருவில் ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை. எட்டிப் பார்க்க அந்தத் தெருவில் யாருக்கும் அவரைத் தெரியாது.

பாதி வழியில் பெரியவர் மெல்லக் கேட்டார்.

"ஜெயில்ல... என்னைத் தனியா போட்டுடுவாங்களா?"

ஏட்டு மீசையைத் தடவிக்கொண்டார்.

"தனியாவா? அந்தக் கவலையை இன்னையோட விட்டுடுங்கய்யா! ஒரு ரூமுக்குப் பதினாலு பேரு... திரும்பிப் படுக்கணும்னாகூட பதிமூணு பேர்கிட்ட கேட்டுட்டுத்தான் படுக்கணும்!"