சிஸ்டரின் கட்டைவிரல்

முதலில் அவள் கவனித்தது குழியைத்தான். காலையில் கணவரின் கணுக்காலுக்கு மேலே, உதட்டுக்குள் ஐந்துவரை எண்ணி, சிஸ்டர் கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுத்த பள்ளம், மதியம் அவள் ஒரு சட்டைக்குக் கை வைத்துத் தைத்துவிட்டு வந்து பார்த்தபோதும் மூடாமல் கிடந்தது. அதன் அடியில் குறுக்கே ஒரு கோடு. எப்போதோ மருந்துக்குப்பி கிழித்த தழும்பு சிஸ்டரின் கட்டைவிரலில் உண்டு. அதுகூட அச்சாக விழுந்திருந்தது.

அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் அந்தக் குழிக்குப் பக்கத்திலேயே தன் விரலை வைத்து அழுத்தினாள். எடுத்ததும் சதை எழுந்து சமமாயிற்று. நகம் வெளுக்க மறுபடி அழுத்தினாள். ஒன்றும் நிற்கவில்லை.

இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கழுத்தும் தோளும் இடுப்பும் தையற்காரியான அவளுடைய டேப்பில் இருந்தவை. சிறுநீரகம் புரதத்தை ஒழுகவிடுகிறது என்று டாக்டர் சொல்லி, பகலுக்கு இந்தச் சிஸ்டரை நர்ஸாக வைத்துக்கொண்ட பிறகு அளவெல்லாம் மில்லியில் வந்துவிட்டது. நோட்டில் குடித்த தண்ணீர் ஒரு பத்தியில், போன சிறுநீர் அடுத்த பத்தியில். கோடு போட்ட குவளையைச் சிஸ்டர் ஜன்னலோரம் கண்மட்டத்துக்குத் தூக்கும்போது, பஸ் ஓட்டிய காலத்துக் குரலில் அவர் கேட்பார்:

"எத்தனை, சிஸ்டர்? வண்டி நேரத்துக்கு வந்துச்சா?"

"முந்நூறுதான் சார். இன்னைக்கும் லேட்டு."

இருவரும் சிரிப்பார்கள். தையல் மிஷினை நிறுத்திவிட்டு அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். தன்னிடம் அவர் அப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று என்று கணக்குப் பார்ப்பாள்.

"என் கையால ஒரு வாய் தண்ணி குடுத்தா ஆகாதா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"குடுங்கக்கா, யார் வேணாம்னாங்க? நாள் முழுக்க ஒரு லிட்டர்தான், அவ்வளவுதான். உடம்பு உப்பைப் பிடிச்சு வச்சுக்குது. உப்பு நிக்கிற இடத்துல தண்ணியும் நிக்கும், அதான் வீக்கம். அளவு மீறினா ரத்தத்துல சோடியம் நீர்த்துப் போயிடும். அப்புறம் ஆள் அடையாளமே தெரியாது."

"என்னையா தெரியாமப் போகும்?"

"யாரைன்னு எப்படிக்கா சொல்ல முடியும்?" சிஸ்டர் புன்னகைத்தாள். "நாளைக்கு யூரின் டெஸ்ட். ரிப்போர்ட் நல்லா வந்துட்டா எனக்கு இங்க வேலையே இல்ல."

கடைசி வாக்கியம் மட்டும் இரவெல்லாம் அவள் காதில் நின்றது.

மறுநாள் காலை சிஸ்டர் தெர்மாமீட்டர் எடுக்கப் போன நேரத்தில், குளியலறைத் தட்டில் அவர் பெயர் ஒட்டியிருந்த சின்ன பாட்டிலை அவள் கவிழ்த்தாள். கழுவினாள். தன்னுடையதை நிரப்பி மூடி வைத்தாள். ஒரு நோயும் இல்லாத உடம்பு. ரிப்போர்ட் எப்படி வரும் என்று அவளுக்குத் தெரியும்.

சிஸ்டர் பாட்டிலை வழக்கத்தைவிட நேரம் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். லேசாகக் குலுக்கினாள்.

"நுரை நிக்குதே, புரதம் போகுது," என்றாள். அவள் பார்த்தது கட்டிலில் இருந்தவரை அல்ல.

மறுநாள் ரிப்போர்ட் வந்தது. "புரதம் நாலு பிளஸ். யூரின்ல சோடியம் ரொம்பக் கம்மி. உப்பு வெளியே போகவே மாட்டேங்குது."

"அப்படி இருக்க முடியாது."

"ஏன்க்கா?"

அவள் வாயைத் திறந்தாள். பாட்டிலைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கும். அவர் தலையணையில் சாய்ந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மிஷினிடம் போய் உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து அவருக்கு நீர் பிரியத் தொடங்கியது. ஆயிரத்து ஐந்நூறு. இரண்டாயிரம். சிஸ்டர் எழுதிக்கொண்டே போனாள். அவர் கால்கள் வற்றி எலும்பு தெரிந்தது. சட்டைப் பித்தானைத் தானே போட்டுக்கொண்டார். இந்தப் பக்கம் அவளுக்கு மோதிரம் கழலவில்லை. செருப்பு வார் புறங்காலில் தடம் போட்டது. எவ்வளவு குடித்தும் தாகம் அடங்கவில்லை. டேப்பை எடுத்துக் கணுக்காலைச் சுற்றினாள். ஒன்பது அங்குலம். மறுநாள் பத்து. டாக்டரிடம் போகலாம். போனால் முதலில் கேட்பது ஒரு பாட்டில் சிறுநீர். அதைச் சிஸ்டர் பார்ப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை. சிஸ்டருக்கு விடுமுறை. நல்ல மத்தியான வெயில். உள்ளறையில் அவர் நடக்கும் சத்தம், மாதக்கணக்கில் கேட்காத சத்தம், சுவரோரமாகப் போய்த் திரும்பி வந்தது. அவள் மிஷினை மிதித்தாள். கால் கனத்தது. மரத்திருந்தது. குனிந்து புடவையை விலக்கினாள்.

கணுக்காலுக்கு மேலே ஒரு குழி. குறுக்கே கோடு.

சிஸ்டர் ஒருநாளும் அவளைத் தொட்டதில்லை.

இரண்டு விரற்கடை மேலே தோல் மெதுவாக இறங்கியது. ஆழமாயிற்று. நின்றது. அழுத்தம் விலகியது, குழியை விட்டுவிட்டு. அதற்கு மேலே இன்னொன்று.

"எத்தனை, சிஸ்டர்?" உள்ளறையிலிருந்து அவர் குரல். சிரிப்போடு.

வீட்டில் வேறு யாரும் இல்லை.

முழங்காலுக்குக் கீழே தோல் அமுங்கத் தொடங்கியது. அவள் எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

ஐந்து.

விரல் எழவில்லை.