குழந்தைகள் காப்பகத்தின் பின்கதவு

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு விஞ்ஞானபுரம் என்ற புதிய ஆராய்ச்சி நகரத்துக் குடியிருப்பின் மூன்றாம் மாடிக் கதவைத் தட்டிய பெண்ணின் கையில் ஒரு மெமோ இருந்தது. கசங்காமல் மடித்து பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். பெயர் வனிதா. பக்கத்துப் பெருமாட்டி ஊர்க்காரி. நகரத்தின் குழந்தைகள் காப்பகத்தில் சமையலும் ஆயா வேலையும் பார்ப்பவள். நகரம் எழும்பியபோது அவள் வீட்டுத் தென்னந்தோப்பும் அதற்குள் போனது. அதற்கு ஈடாகக் கிடைத்ததுதான் இந்த வேலை.

கதவைத் திறந்த ஹரிநாராயணன் நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் விஞ்ஞானி. வனிதா தேடி வந்தது அவரையல்ல, அவருடைய அக்கா அகிலாண்டத்தை. இருபத்தைந்து வருடம் ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்து, விபத்து விசாரணைகளில் பெயர் வாங்கி, விருப்ப ஓய்வு பெற்றுத் தம்பியோடு வந்து தங்கியிருந்தாள். இரண்டாம் பிளாக் லிஃப்ட் ஏன் நாலாம் மாடியில் மட்டும் நிற்கிறது என்று பத்தே நிமிடத்தில் சொன்னவள் என்ற பேச்சு நகரம் முழுக்கப் பரவியிருந்தது.

அகிலாண்டம் காப்பியைக் கொடுத்து, நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொன்னாள்.

வியாழக்கிழமை நடந்தது அது. மாளவிகா என்ற மூன்று வயதுக் குழந்தை காப்பகத்தைவிட்டு வெளியே போய்விட்டது. குளத்தங்கரை நிறுத்தத்தில், தண்ணீருக்கு நாலடி தள்ளித் தனியாக உட்கார்ந்திருந்ததை நகரப் பேருந்து ஓட்டுநர் பன்னிரண்டு இருபதுக்குப் பார்த்து, காவலர் அறையில் ஒப்படைத்தார். தூங்கவைக்கும்போது தலை எண்ணிய பிறகுதான், பன்னிரண்டே முக்காலுக்கு, காப்பகத்துக்கே விஷயம் தெரிந்தது. முன்கதவில் எப்போதும் காவலர் உண்டு. பின்கதவு பணியாளர் அட்டையைக் காட்டினால்தான் திறக்கும். பின்கதவின் பதிவில் அன்றைக்கு ஒரே ஒரு திறப்பு. மணி பன்னிரண்டு ஐந்து. அட்டை வனிதாவுடையது.

"அந்நேரத்துக்கு நான் புள்ளைங்களுக்குச் சோறு ஊட்டிட்டு இருந்தனுங்க. கதவுப் பக்கமே போகலீங்க. திங்கக்கெழமையோட வேலை இல்லைன்னுட்டாங்க. வேல போனாப் போகட்டுமுங்க. புள்ளைய வெளிய உட்டவன்னு பேரு வாங்கிட்டு நான் எந்த ஊட்டுப் படி ஏறுவேனுங்க?"

அட்டையை யாரோ நகல் எடுத்திருக்க வேண்டும் என்று ஹரி உடனே முடிவுகட்டினார். எந்தக் கருவியால் எப்படி எடுக்கலாம் என்று விவரிக்கவும் தொடங்கினார். அகிலாண்டம் அவரைக் கையமர்த்தினாள். அன்று முழுவதும் வனிதா பின்கதவைத் திறக்கவே இல்லையா என்று கேட்டாள்.

ஒரே ஒரு தடவை என்றாள் வனிதா. தினமும் பன்னிரண்டு நாற்பதுக்குக் குப்பை வண்டி வரும். வாளியைப் பின்கதவு வழியாக, வண்டியோடு வரும் சின்னத்தாயியிடம் கொடுப்பாள். அன்றும் கொடுத்தாள்.

"அன்னிக்குச் சாப்பாடு என்ன?" என்று அகிலாண்டம் கேட்டாள். ஹரிக்கு அது சம்பந்தமில்லாத கேள்வியாகப் பட்டது.

பருப்பு சாதம் என்றுதான் பலகையில் எழுதியிருந்தது. ஆனால் பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மின்னடுப்பு சூடாகவில்லை. பாதி வெந்த பருப்பை இறக்கிவைத்துவிட்டு, காலையில் வடித்த சோற்றைத் தயிர்விட்டுப் பிசைந்து ஊட்டினாள். மத்தியானம் தட்டிப் பார்த்தால் அடுப்பு தானாகவே சரியாகியிருந்தது.

பத்து மணிக்கு அக்காவும் தம்பியும் காப்பகத்தில் இருந்தார்கள். நகரம் பெருமையோடு காட்டும் கட்டிடம் அது. கூரையில் பதித்த கண்ணாடி வழியாக வெளிச்சம் கொட்டியது. பகலில் விளக்கே போட வேண்டாம். தை மாதம். கணவாயிலிருந்து வீசும் காற்று ஜன்னல்களை உலுக்கிக்கொண்டிருந்தது. மின்விசிறி ஒன்றும் ஓடவில்லை. பின்சுவரை ஒட்டி ஒரு புதிய கம்பம், மின்சார வண்டிகளுக்கு மின்னேற்றுவதற்கானது. முந்தின நாள் விருந்தினர் வந்து திறந்துவைத்தபோது போட்ட மாலை அதில் இன்னும் தொங்கியது. கம்பத்திலிருந்து காப்பகத்தின் மின்பெட்டி வரைக்கும் தரையில் புதுச் சிமென்ட் பூச்சு.

அகிலாண்டம் காப்பகப் பொறுப்பாளரிடம் பின்கதவை ஒரு தடவை திறக்கச் சொன்னாள். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். பத்து இருபது. பிறகு அந்தக் கதவின் பதிவை எடுத்துவரச் சொன்னாள். அதைப் பார்த்ததும் ஹரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். சின்னத்தாயியையும் பார்த்துப் பேசினாள். வியாழக்கிழமையும் பன்னிரண்டு நாற்பதுக்குத்தான் வாளியை வாங்கியதாகச் சின்னத்தாயி சொன்னாள். வண்டியின் பதிவும் அதையே காட்டியது.

பதினொன்றரைக்கு நிர்வாக அலுவலகத்தில் எல்லோரும் கூடினார்கள். மெமோ கொடுத்த நிர்வாக அதிகாரி பூபதிராஜா மேசைக்குப் பின்னால். மின்பிரிவு மேற்பார்வையாளர் மோகனசுந்தரம் பக்கத்தில். வனிதா சுவரோரம் நின்றாள். அகிலாண்டம் தன் பக்கத்து நாற்காலியை இழுத்து அவளை உட்காரவைத்தாள்.

இயந்திரத்துக்கு யார்மேலும் விரோதம் கிடையாது என்று பூபதிராஜா ஆரம்பித்தார். அகிலாண்டம் அதை ஒத்துக்கொண்டாள். பிறகு மோகனசுந்தரத்தின் பக்கம் திரும்பினாள்.

"வியாழக்கிழமை மத்தியானம் காப்பகத்துல கரண்ட் இருந்துதா?"

"இருந்துதுங்க மேடம். முப்பத்தஞ்சு நிமிஷம் கரண்ட் இல்லாட்டி உள்ள இருக்கறவங்களுக்குத் தெரியாதுங்களா?"

அகிலாண்டம் தலையசைத்துவிட்டு, பூபதிராஜாவைப் பார்த்துப் பேசத் தொடங்கினாள். குரல் உயரவில்லை.

"குப்பை வாளி அந்தக் கதவு வழியாத்தான் போச்சு. பன்னிரண்டு நாப்பதுக்குப் போச்சுன்னு வண்டியோட பதிவு சொல்றது. வனிதா பன்னிரண்டு அஞ்சுக்கும் திறந்திருந்தா, கதவோட பதிவுல ரெண்டு திறப்பு இருக்கணும். ஒண்ணுதான் இருக்கு. அப்படின்னா அந்த ஒண்ணு எது? நாப்பதுக்குத் திறந்ததைத்தான் கதவு அஞ்சுன்னு எழுதியிருக்கு."

அவள் பையிலிருந்த தாளை மேசையில் விரித்தாள். காலையில் பத்து இருபதுக்குத் திறந்ததைக் கதவு ஒன்பது நாற்பத்தைந்து என்று பதிந்திருந்தது. அதே முப்பத்தைந்து நிமிடம். புதன்கிழமை வரைக்கும் அதே தாளில் வாளித் திறப்பு பன்னிரண்டு நாற்பது என்றே இருந்தது. அந்தக் கதவின் கருவிக்குள் இருக்கும் பேட்டரி செத்துப்போயிருந்தது. மின்சாரம் நின்றால் அதன் கடிகாரமும் நிற்கும். வந்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும். ஆகவே வியாழக்கிழமை முப்பத்தைந்து நிமிடம் மின்சாரம் இல்லை. அடுப்பு சூடாகாததும் அதனால்தான். விளக்கும் விசிறியும் வேண்டாத கட்டிடத்தில் வேறு யாருக்கும் அது தெரியவில்லை.

"அந்தக் கதவைப் பிடிச்சிண்டிருக்கறது காந்தம்," என்றார் ஹரி, அடக்கமாட்டாமல். "கரண்ட் போனா அது விட்டுடும். குழந்தை கை வச்சாலே போரும், திறந்துக்கும். கருவியும் தூங்கறதோல்லியோ, ஒண்ணும் பதியாது."

"அப்போ கரண்டை நிறுத்தினது யார்?" என்று பூபதிராஜா கேட்டார்.

"புதுக் கம்பத்துக்குக் காப்பகத்துப் பெட்டியிலேர்ந்து கம்பி இழுத்தவா யாரோ அவா," என்றாள் அகிலாண்டம். "மோகனசுந்தரம், கரண்ட் இருந்துதான்னுதான் கேட்டேன். முப்பத்தஞ்சு நிமிஷம்னு இந்த அறையில யாருமே அதுவரைக்கும் சொல்லலை."

மோகனசுந்தரம் ஒத்துக்கொண்டார். நடந்ததைச் சொன்னார். மறுநாள் விருந்தினர் வருவதற்குள் கம்பம் வேலை செய்ய வேண்டும் என்று நெருக்கினார்கள். எழுத்தில் அனுமதி வாங்கி, கதவுகளில் ஆள் நிறுத்திவிட்டுத்தான் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். இரண்டுக்கும் நேரமில்லை என்று தானே பெட்டியை அணைத்தார். குழந்தை காணாமல் போன செய்தி வந்தபோது அவருக்குப் புரிந்துவிட்டது. வனிதாவின் பெயர் அடிபட்டபோது வாயை மூடிக்கொண்டார்.

"எனக்கும் அந்த வயசுல ஒரு புள்ள இருக்குதுங்க," என்றார். "ரெண்டு நாளாத் தூக்கமில்லீங்க."

"எனக்குந்தானுங்க," என்றாள் வனிதா. அறையில் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

பூபதிராஜா மெமோவை ரத்து செய்வதாகச் சொல்லி வனிதாவிடம் கையை நீட்டினார். அவள் உறையைக் கொடுக்கவில்லை. பெற்றோர் எல்லோரையும் கூட்டிவைத்துத்தான் தன்னைக் குற்றவாளி என்றார்கள். அதே ஆட்களைக் கூட்டிவைத்து, அதே இடத்தில் உண்மையைப் படிக்க வேண்டும் என்றாள். பின்கதவுக்குத் தனி பேட்டரி வைக்கும்வரை அங்கே ஓர் ஆள் நிற்க வேண்டும் என்றும் சொன்னாள். பூபதிராஜா இரண்டையும் எழுதிக் கையெழுத்திட்டார். மோகனசுந்தரத்தின் மீது விசாரணை தொடங்கியது. தன் வாக்குமூலத்தை அவரே எழுதிக் கொடுத்தார்.

ஞாயிறு மாலை காப்பகத்துக் கூடத்தில் நாற்பது பெற்றோர் முன்னால் நடந்த உண்மை படிக்கப்பட்டது. வனிதா கடைசி வரிசையில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் கேட்டாள். மாளவிகாவின் அம்மா மட்டும் வந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அவள் வந்தாள். வியாழக்கிழமைக்குப் பிறகு குழந்தையை யாரிடமும் விடாதவள், காவலரைத் தாண்டி, பொறுப்பாளரைத் தாண்டி, நேராகச் சமையலறை வாசலுக்குப் போனாள். காலையிலிருந்து குழந்தை ஒன்றும் சாப்பிடவில்லை என்று தணிந்த குரலில் மலையாளத்தில் சொன்னாள். பிறகு மாளவிகாவை வனிதாவின் கைகளில் கொடுத்துவிட்டு, ஆய்வுக்கூடத்துக்குப் போகும் பேருந்தைப் பிடிக்க நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.