ஆறு சிவப்புப் பொட்டுகள்

"ஹலோ... கைய எடுங்க."

அவன் திரும்பினான். விரல் நுனியில் சின்னதாய் ஒரு சிவப்புப் பொட்டு. 'விற்றாகிவிட்டது' என்பதற்கு அடையாளமாக அவள் ஓவியத்தின் பக்கத்தில் ஒட்டியிருந்தது அது. அதை உரித்தவனுக்குக் கொஞ்சமும் பதற்றமில்லை. மழையில் நனைந்த தலை, சிரிக்கிற கண்கள்... சே, திருடனின் கண்ணையா பார்க்கிறாய் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"முதல் கண்காட்சியிலேயே ஆறு படம் போயிருக்கு. பொறாமையா?"

"பக்கத்து ரூம்ல ஜாடி வச்சிருக்கேங்க. என்னைக் களிமண்ணுன்னு கூப்பிடுவாங்க. தலைக்குள்ளயும் அதுதான்னு எங்க அக்கா சொல்லும்." அவன் குரலைத் தாழ்த்தினான். "இந்தப் படத்தை வாங்கலாம்னு காலையில ஆபீஸ்ல கேட்டேன். இருக்குன்னாங்க. இப்ப வந்தா பொட்டு. மறுபடி போய்க் கேட்டா, உங்களுது ஒண்ணுகூட விக்கலையேங்கறாங்க..."

அவள் விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தாள். அம்மாவுக்குப் போன் போட்டுப் பெருமை அடித்தாயிற்றே.

வாசல் பக்கம் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த அண்ணன், அவள் முகத்தைப் பார்த்ததுமே தலையைக் குனிந்துகொண்டான்.

"நீ வாடிப்போய் நின்னது எனக்குப் பொறுக்கலம்மா. பொட்டைப் பார்த்தா நாலு பேர் நின்னு பார்ப்பாங்கன்னு..."

"வாங்க வந்தவரையே திருப்பி அனுப்பப் பார்த்தியேண்ணா."

நாலு மணிக்குக் கலைஞர்களோடு உரையாடல். மேடையில் அவளும் களிமண்ணும். முன்வரிசையில் இருந்த மூத்த ஓவியர் முதலில் அவனைக் கேட்டார்.

"எப்படிப் போகுது தம்பி?"

"ஒரு ஜாடி போச்சு சார். அதுவும் எங்க அக்கா வாங்கினது."

சபை சிரித்தது. அவனும் சிரித்தான். அவள் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. காட்டிக்கொடுக்கக் கூடாதென்றுதான் பார்க்கவில்லை என்று அவளுக்குப் புரிந்தது.

"உனக்கு ஆறாமே. எப்படிம்மா?"

மைக் கனத்தது. சரியென்று தலையாட்டினால் போதும், சபைக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் அடுத்த படத்தை எந்தக் கையால் வரைவது?

"ஒண்ணும் விக்கலை சார். பொட்டெல்லாம் நாங்களா ஒட்டினது. மன்னிச்சிருங்க."

அண்ணன் பேரை அவள் எடுக்கவில்லை. மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என் முதல் கண்காட்சியில நானும் ஒட்டினேன்மா. இன்னிவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை."

கூட்டம் கலைந்ததும் மிச்சப் பொட்டுகளை அவள் உரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் அவன் வந்து நின்றான்.

"அந்தப் படம் எனக்குத்தானே?"

"இரக்கப்பட்டு வாங்குறதுன்னா வேண்டாங்க."

"காலையில நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது. படத்துல கொடியில தொங்குதே அந்தச் சட்டை, இன்னும் ஈரமா இருக்கு. தொட்டா கையில ஒட்டும்போல... அதுக்குத்தான் கேட்டேன்." கொஞ்சம் தயங்கினான். "படத்தைப் பிடிச்சது காலையில. உங்களைப் பிடிச்சது, மைக்ல உண்மையைச் சொன்னீங்களே... அப்போ."

வெளியே மழை விட்டிருந்தது. அவள் சுவரையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எனக்கு அதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடியே. அக்கா வாங்கினதுன்னு சொன்னீங்கல்ல... அப்பவே."

அவன் விரலில் இன்னும் இருந்த பொட்டை வாங்கி அந்தப் படத்தின் பக்கத்தில் ஒட்டிப் பார்த்தாள். பசை போய்விட்டிருந்தது, நிற்கவில்லை.

"அண்ணா..." என்று வாசல் பக்கம் குரல் கொடுத்தாள். "புதுசா ஒரு பொட்டு கொண்டா. இந்தப் படம் நிஜமாவே போயிடுச்சு."