ஒதுக்கி வைத்த வழி

வெயில் ஏறுவதற்குள் வழி பார்த்துவிட வேண்டும் என்பது தாரகை வீட்டு வழக்கம். இட்லித் தட்டைக் கழுவிக் கவிழ்த்ததும், புருஷனும் பெண்டாட்டியும் வாசலில் நிற்கும் வண்டிவீட்டுக்குள் ஏறி உட்கார்ந்து, மடக்கு மேசைமேல் வழித்திரையை விரிப்பார்கள். மதுரையில் கிளம்பி இமயமலை அடிவாரம் வரைக்கும் கோடுகள் ஓடும். பச்சை என்றால் போகலாம். சிவப்பு என்றால் போனது போனதுதான்.

நித்திலன் சூரியத்தகடு பழுது பார்த்தே முடி நரைத்தவர். ஓய்வு பெற்றதும் பனியைப் பார்த்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்று இந்த வண்டிவீட்டை வாங்கினார். சமையலறை, படுக்கை, குளியலறை எல்லாம் உண்டு. இல்லாமல் முடியாது. வழியில் இருந்த விடுதிகளெல்லாம் ஆளில்லாமல் பாழாகிக் கிடந்தன. தங்க வேண்டுமென்றால் வீட்டைக் கையோடு கொண்டு போக வேண்டியதுதான்.

"விஜயவாடா வரைக்கும் ரெண்டு பேருக்கும் பச்சை. அங்கேருந்து கடலோரமாவே போயிருவோம். என்ன சொல்ற?" என்றார் நித்திலன்.

"சுத்து வழிங்க அது."

"சுத்துனா என்ன? நமக்கு என்ன ஆபீசுக்கா நேரமாச்சு?"

 தாரகையின் கண் திரையின் நடுவில் நின்ற ஒரு பச்சைக் கோட்டில் இருந்தது. ஐதராபாத்திலிருந்து நாக்பூர். இமயத்துக்கு நேர் வழியும் அதுதான். ஒரு மாதமாக இருவரும் அந்தக் கோட்டைத் தொடாமலே எல்லாவற்றையும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சாலைகள் இப்படி ஆனது அவர்களுக்குக் கல்யாணமான புதிதில். வெயில் தாரை உருக்கியது, பேய்மழை மிச்சத்தை அரித்துக்கொண்டு போனது. சரக்கு லாரிக்கும் ஆம்புலன்சுக்கும் சாலை மிஞ்ச வேண்டுமே என்று அரசாங்கம் ஒருபோக்குச் சட்டம் கொண்டு வந்தது. இரண்டு பெரிய ஊர்களுக்கு நடுவே உள்ள நெடுஞ்சாலைத் துண்டுக்குக் கண்ணி என்று பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் ஆளுக்கு ஆயுளுக்கு ஒரு போக்கு, ஒரு வரத்து. அவ்வளவுதான். ஏழைக்கும் அதே, கோடீசுவரனுக்கும் அதே. காசு கொடுத்து வாங்க முடியாது, பிள்ளைக்கு எழுதி வைக்கவும் முடியாது. விமானங்கள் அதற்கு முன்பே தரையில் உட்கார்ந்துவிட்டன. ரயிலில் அரிசி மூட்டை ஏறலாம், ஆள் ஏற முடியாது.

ஆரம்பத்தில் யாருக்குப் புரிந்தது? சும்மா சொல்லக்கூடாது, முதல் வருடம் சனங்கள் திருவிழாவுக்குப் போவது மாதிரிதான் ஊர் சுற்றினார்கள். பிறகுதான் உறைத்தது. இப்போது பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தை எடுப்பதற்கு முன்னால், "பொண்ணுக்கு எத்தனை வழி பாக்கி இருக்கு?" என்று கேட்கிறார்கள். எல்லா வீட்டிலும் ஒரு வழியை மட்டும் தொடாமல் வைத்திருப்பார்கள். எதற்கு என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. 'ஒதுக்கி வைத்த வழி' என்றால் போதும். தூரத்தில் இருக்கும் ரத்த உறவு கண்ணை மூடினால், கடைசியாக ஒரு முறை முகம் பார்த்து, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வருவதற்கான வழி அது.

தாரகையின் அக்கா மேகலை நாக்பூரில் இருந்தாள். தாய் தகப்பன் போன பிறகு ஒருத்திக்கு ஒருத்திதான். நாக்பூருக்குள் நுழைய மூன்று வழி இருந்தது. ஒன்றை அந்த முதல் வருடக் கூத்தில் ஆரஞ்சுத் தோட்டம் பார்க்கப் போய்த் தொலைத்தாள். இன்னொன்று அத்தான் இறந்தபோது போனது. மூன்றாவதுதான் இந்தப் பச்சைக் கோடு. அக்காவைத் தொட்டுப் பத்தொன்பது வருடமாகிவிட்டது.

அன்று பதினொரு மணி வாக்கில் அக்காவே திரையில் வந்தாள். தலையில் எண்ணெய் வழிய, கையில் சீப்பு.

"என்னடி, வழி முடிவாச்சா இல்லையா? உன் வீட்டுக்காரர் பனி உருகுறதுக்குள்ள போய்ச் சேருவாரா?"

"கடலோரமாப் போலாம்னு இருக்கோம்க்கா."

மேகலையின் சீப்பு ஒரு நொடி நின்றது. "நல்லது. காத்தாவது வரும்" என்றாள்.

அந்த 'நல்லது' தாரகைக்குப் பொறுக்கவில்லை. பேச்சை மாற்றலாம் என்று வாயைத் திறந்தவள், இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டுவிட்டாள்.

"அக்கா, மதுரைக்கு வர நீயும் ஒரு வழி வச்சிருக்கியா?"

"வைக்காம? அந்த ஐதராபாத் கண்ணியில வரத்து அப்படியே இருக்கு. ஏன் கேக்குற?"

"எனக்குன்னு நீ ஒண்ணு வச்சிருக்க. உனக்குன்னு நான் ஒண்ணு வச்சிருக்கேன். நம்ம ரெண்டு பேர்ல ஒருத்திதானே முதல்ல போவா? அப்போ இன்னொருத்தி வச்ச வழி என்னாகும்?"

 மேகலை சீப்பிலிருந்த முடியைச் சுருட்டிச் சுருட்டி விரலில் சுற்றினாள்.

"வீணாத்தான் போகும். ஒண்ணு எப்படியும் வீணாப் போகும்க்கா! இன்னொண்ணுல வந்து பாத்தாலும், வந்தவளைச் செத்தவ பாக்க மாட்டா. இதுக்கா இத்தனை வருசம் பொத்திப் பொத்தி வச்சோம்? நான் வர்றேன். இந்தப் பயணத்துலயே வர்றேன்."

அக்கா அழுவாள், சிரிப்பாள் என்று தாரகை எதிர்பார்த்தாள். மேகலைக்குக் கோபம்தான் வந்தது.

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம். வந்தா எத்தனை நாள் இருப்ப? வண்டிவீட்டை ஒரு ஊர்ல பத்து நாளைக்கு மேல நிறுத்த விடமாட்டான். பத்து நாள் சிரிச்சுப் பேசிட்டு நீ போயிருவ. அப்புறம் எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா? பிள்ளையா குட்டியா எனக்கு? இந்த ஊர்ல என் பேரைச் சரியாச் சொல்றதுக்குக்கூட ஆள் கிடையாது. முனிசிபாலிட்டிக்காரன் வந்து தூக்கிட்டுப் போகணுமா?"

"அப்ப நீ எங்களோட வந்துரு. மதுரையிலயே இரு."

"எத்தனை தடவை சொல்லியாச்சு! அவர் கட்டின வீடு இது. உன் வீட்டு மூலையில வந்து உக்காந்து சோறு தின்ன என்னால ஆகாது. நீ ஒண்ணும் வர வேணாம். என் வழியைத் தொடாத."

திரை அணைந்தது.

என் வழி! தாரகைக்கு அந்த வார்த்தைதான் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. தன் கணக்கில் இருக்கும் வழி அக்காவுக்குச் சொந்தமாகி எத்தனையோ வருடமாகிவிட்டது. அதை நம்பித்தான் அவள் அங்கே தனியாகப் படுத்துத் தூங்குகிறாள். அதைப் பிடுங்கிச் செலவழிப்பதா? பிடுங்காமல் இருந்தால், உயிரோடு இருக்கும் அக்காவைக் கண்ணாடித் திரையில் பார்த்தே காலம் போய்விடும். எப்படிப் பார்த்தாலும் பாவம் தன் தலையில்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

நித்திலன் கருவேப்பிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு உள்ளே வந்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. அவள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் கடலோர வழின்னு சொன்னதே உனக்காகத்தான். அந்தக் கோட்டை நீ எப்படிப் பாப்பேன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். "எங்க சித்தப்பா சாவுக்கு நான் ஒதுக்கி வச்ச வழியிலதான் போனேன். போய்ச் சேர்றதுக்குள்ள எடுத்துட்டாங்க. சாம்பலைத்தான் பாத்தேன். மூணு நாளா வண்டியில போறப்ப, அவர்கிட்ட என்னென்ன பேசலாம்னு யோசிச்சுட்டே போயிருக்கேன் பாரு, கிறுக்கன் மாதிரி."

"இதை நீங்க சொன்னதே இல்லையே."

"சொல்லி என்ன ஆகப்போகுது? நீ பாத்து முடிவு பண்ணு. எந்தப் பக்கம் சொன்னாலும் ஓட்டுறேன்."

தாரகை விரலை நீட்டி நாக்பூர்க் கோட்டைத் தொட்டாள். 'இந்தப் போக்கை மீட்க இயலாது' என்று திரை எச்சரித்தது. தெரியும்டா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, கட்டைவிரலை அழுத்தினாள்.  நித்திலன் மறுபக்கம் குனிந்து தன் கணக்கிலும் கட்டைவிரலை வைத்தார்.

ஐதராபாத் தாண்டியாயிற்று. இருமருங்கிலும் ஆளில்லாத ஊர்கள். வண்டி முன்னேற முன்னேறத் திரையில் பச்சை பின்பக்கத்திலிருந்து சிவந்துகொண்டே வந்தது. தாரகை ஒரு கட்டத்தில் திரையின்மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுதுகொண்டுதான் வந்தாள். ஆனாலும் வண்டியைத் திருப்பச் சொல்லவில்லை.

மேகலை வாசலில் நின்றிருந்தாள். திரையில் தெரிந்ததைவிடக் குட்டையாக இருந்தாள். ஒரு தோள் சற்றுச் சரிந்திருந்தது, திரையில் அது தெரிந்ததே இல்லை. தாரகை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டபோது அவள் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மரமாக நின்றாள்.

"சொன்னா கேக்குறியா நீ? சின்னதுலேருந்தே அடங்காப்பிடாரி" என்றாள். பிறகு நித்திலனைப் பார்த்து, "வாங்க தம்பி, கை கால் கழுவுங்க" என்றாள். தங்கையைத் திரும்பிப் பாராமல் உள்ளே போனாள். அடுப்படியில் பாத்திரங்கள் மட்டும் டமார் டமார் என்று சத்தம் போட்டன.

சமையல் முடிந்தது. நித்திலனுக்கு இலை போட்டுப் பரிமாறினாள். அவர் சாப்பிட்டு எழுந்து, அக்கா தங்கை இருக்கட்டும் என்று வண்டிவீட்டுக்குப் போய்விட்டார். மேகலை ஒரே ஒரு தட்டில் சோற்றைப் போட்டு, ரசம் ஊற்றி, அதைத் தாரகையின் கையில் கொடுத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"உனக்கு எங்கக்கா தட்டு?"

"எனக்கு எதுக்குத் தட்டு?" என்றாள் மேகலை. "எனக்கு வாய்க்கரிசி போடத்தானே அந்த வழியை வச்சிருந்த? அதைத்தான் அழிச்சிட்டு வந்து நிக்குறியே. நாளைக்கு எவன் போடுவான்? போட வேண்டியதை இப்பவே போட்டுரு." வாயைத் திறக்கப் போனவள், நிறுத்திச் சொன்னாள்: "அது பச்சரிசியா இருக்கும். இது வெந்ததா இருக்கு, பரவாயில்ல."

தாரகையால் சோற்றைப் பிசையவே முடியவில்லை. கண்ணீர் தட்டில் விழுந்தது. ஒரு வாய் உருட்டி, அக்காவின் வாய்க்குக் கொண்டு போனாள். உதடு விரலில் பட்டது, வெதுவெதுப்பாக.

மேகலை மென்று விழுங்கினாள். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொரு வாய் குடுடி" என்றாள்.