தகரம் ஊற்றிய கிளாஸ்

மாலை 4.10. படப்பிடிப்புத் தளத்தில் போட்டிருந்த மதுக்கூட மேடைக்குப் பின்னால் நீலம் சரிந்து விழுந்தார். நடிப்பு என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது.

இருபது வருடம் ஓடிய விண்வெளித் தொடரில் மது ஊற்றும் பார்டெண்டராக நடித்தவர்தான் நீலம். வேஷத்தில் நெற்றியில் ஒரு கண், மூக்குக்குக் கீழே தாடை வரை வழவழவென்று நீலத்தோல், வசனம் ஒன்றுகூடக் கிடையாது. யார் வந்து புலம்பினாலும் கேட்டுக்கொண்டே கிளாஸ் துடைப்பார். இப்போது ஓடும் தொடரில் இயந்திர பார்டெண்டராக நடிப்பவன் தகரம். அவனுக்கோ பேச்சு ஓயாது. இருவரில் யார் கெட்டிக்காரர் என்று ஒப்பிடத்தான் அன்றைய சிறப்பு நிகழ்ச்சி. தகரம் கலந்து ஊற்றினான். நீலம் கிளாஸை முகத்தருகே தூக்கினார், வைத்தார், சற்று நேரத்தில் விழுந்தார். முதலில் ஓடிப்போய்த் தாங்கியவர் அவருடைய மைத்துனர், ஒப்பனைக்காரரும் அவரே.

மருத்துவர் வந்து முகமூடியைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தபோது உயிர் இல்லை.

மறுநாள் காலை 11.00. பரிசோதனை அறிக்கை காவல் நிலையத்துக்கு வந்தது. உடலில் விஷம், கிளாஸிலும் அதே விஷம். மெல்ல வேலை செய்யும் ரகம்.

"ஊத்துனது நீதானே?" இன்ஸ்பெக்டர் அம்மாள் கேட்டார்.

"நான்தான் மேடம். வெறும் கலர் தண்ணி." தகரம் கும்பிட்டான். "வெளியில என் பொண்டாட்டி நிக்கிறா. நான் உள்ள போயிட்டா அவளுக்கு யாரும் இல்ல."

"கைது பண்ணிடலாமா மேடம்?" சப்-இன்ஸ்பெக்டர் அவசரப்பட்டார்.

"இருங்க."

அடுத்து நீலத்தின் மனைவி. கண்கள் காய்ந்து கிடந்தன.

"அழணும்னு தெரியுது. வரமாட்டேங்குது," என்றார்.

"நேத்து என்ன சாப்பிட்டார்?"

"மாஸ்க் ஒட்டிட்டா கழட்டுற வரைக்கும் பச்சைத் தண்ணிகூட கிடையாது. அதனால முன்னாடியே டீ குடிச்சுடுவார். ஃபிளாஸ்க்ல கொடுத்து அனுப்புவேன். மேக்கப் போடுற என் தம்பிதான் ஊத்திக் கொடுப்பான்."

இன்ஸ்பெக்டர் நிகழ்ச்சிப் பதிவை ஓடவிட்டார். கிளாஸ் முகத்தருகே வந்த இடத்தில் நிறுத்தினார். பிறகு எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார்.

"தகரத்தை அனுப்பிடுங்க. இந்த முகத்தைப் பாருங்க. வாய் எங்க இருக்கு?"

திரையில் மூக்குக்குக் கீழே வெறும் நீலத்தோல்தான் இருந்தது.

"தொடர்ல குடிப்பாரே மேடம்!" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"தூக்குவார். அடுத்த ஷாட்ல கிளாஸ் காலியா இருக்கும். குடிச்சார்னு நாமளே நினைச்சுக்கிட்டோம்." மைத்துனரின் பக்கம் திரும்பினார். "விஷம் மாஸ்க் ஒட்டுறதுக்கு முன்னாடியே உள்ள போயிருக்கணும். டீயில கலந்துட்டு, தாங்கிப் பிடிக்கிற சாக்குல மிச்சத்தை கிளாஸ்ல போட்டீங்க. இருபது வருஷமா ஊரே ஏமாந்துச்சு, போலீசும் ஏமாறும்னு நம்பிட்டீங்க."

மைத்துனர் தலை குனிந்தார். "அந்த முகம் நான் செஞ்சது மேடம். நிகழ்ச்சி முடியும்போது அதைக் கிழிச்சு எறிஞ்சுட்டு சொந்த முகத்தைக் காட்டப்போறேன்னார். கெஞ்சினேன். மாமா கேக்கல."

காவலர் அவரை அழைத்துப் போனார். அக்கா அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே வந்த கணவனைக் கண்டு தகரத்தின் மனைவி வராந்தாவில் ஓவென்று அழும் சத்தம் மட்டும் கேட்டது.

"டீ நான்தான் போட்டேன்," என்றார் நீலத்தின் மனைவி இன்ஸ்பெக்டரிடம். "ஆறிடக்கூடாதுன்னு மூடியை நல்லா இறுக்கிக் கொடுத்தேன்."

அப்போதும் அவருக்கு அழுகை வரவில்லை.