ஆயிரத்து நூறு வரை

உடையாத மனிதன் என்ற பெயருக்கு அந்த ஆண்டு விலை நாற்பதாயிரம் ரூபாய். விருதுநகர் பருப்பு மொத்த வியாபாரி தங்கமாரியப்பன், மகன் அருஞ்சுனைக்காக அதை நாலாயிரத்துக்கு முடித்தார்.

பிறந்த குழந்தையின் மரபுக்குறிப்பை நானூறு இலக்கமுள்ள ஒரே முழு எண்ணாகச் சுருக்கிக் கையில் கொடுத்துவிடும் காலம் அது. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதனாலும் மீதியின்றி வகுபடாதது பகா எண். பகா எண்காரர் கட்டும் குடும்பம் உடையாது என்று யாரோ சொல்லிவைக்க, ஊரே சட்டையில் வெள்ளிப் பட்டை குத்திக்கொண்டு அலைந்தது.

சோதிக்கும் கருவிக்கு வகுக்கி என்று பெயர். இரண்டு, மூன்று, ஐந்து என்று வகுத்துக்கொண்டே போகும்; போகப் போகக் கட்டணம் ஏறும். தங்கமாரியப்பனோ, மூட்டையில் குத்தூசியைச் செருகி, வந்த ஒரு கைப் பருப்பை வைத்தே லாரிக்கு விலை சொல்கிறவர்.

"ஆயிரம் வரைக்கும் உடையலைல்ல? அதுக்கு மேல எங்க உடையப் போகுது. கொசுறா ஒரு நூறு பாத்துட்டுப் பட்டையைக் குடுங்க" என்றார் கடைக்காரரிடம்.

பெண் சுடர்க்கொடியின் எண் மூன்றால் வகுபட்டது. அவள் வீட்டார் அதை மறைக்கவில்லை. நிச்சயதார்த்தத்தில், தட்டு மாற்றும் நேரத்தில், தங்கமாரியப்பன் கையை எடுத்துக்கொண்டார்.

"உடைஞ்ச பருப்பை முழுப் பருப்பு விலைக்குத் தள்ளப் பாக்குறீகளே சம்பந்தி. இன்னும் முப்பது பவுன் சேத்துப் போடுங்க."

சபை சிரித்தது. பெண்ணின் அப்பா தலை குனிந்தார்.

"அப்பா, சும்மா இருங்க" என்றான் அருஞ்சுனை. அவளைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் சண்டை போட்டு ஜெயித்தவன்.

"இவரு சோதனைச் சீட்டைப் பாக்கலாமா மாமா?" என்றாள் சுடர்க்கொடி.

"தாராளமாப் பாரு தாயி."

"ஆயிரத்து நூறு வரைன்னு போட்டிருக்கு. அதுக்கு மேல?"

"மேல என்ன மேல? எல்லா மூட்டையையுமா அவுத்துக் கொட்டுவாக?"

அவள் தன் கை வகுக்கியில் அருஞ்சுனையின் எண்ணை ஏற்றினாள். ஆயிரத்து நூற்று மூன்றில் கருவி நின்றது. மீதி பூஜ்யம் என்று மண்டபத்துச் சுவர்த்திரையில் எல்லோரும் வாசித்தார்கள்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்துத் தொலைத்திருந்தால் தங்கமாரியப்பனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"ஆயிரத்துல ஒருத்தருக்குப் பகா எண் வந்தாப் பெருசு மாமா" என்றாள் அவள், அவருக்கு மட்டும் கேட்கும்படி. "இவருக்கும் வந்திருக்காதுன்னு நெனைச்சுத்தான் சம்மதிச்சேன். தட்டை மாத்துங்க."

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பார். மன்னிப்புக்கு எதிர்விலை சொல்ல அவர் பழகியதில்லை. கண்ணை உயர்த்தாமல் தட்டை நீட்டினார்.

பந்திக்குப் போகும் வழியில் வகுக்கியை ஒரு மேசைமேல் வைத்தாள் சுடர்க்கொடி. விரும்பியவர் சோதித்துக்கொள்ளலாம், இலவசம்.

பட்டையோடு மண்டபத்துக்கு வந்தவர்கள் நாற்பத்தொருவர். பட்டையோடு பந்தியில் உட்கார்ந்தவர் எவருமில்லை. மேசைப் பக்கம் போனவரும் எவருமில்லை.